தின்றதைவிட அதிகம்

கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஊழியர்கள் சொல்வார்கள். ஒன்று வெளியூரில் படித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, இறைச்சிக்காக அவரே பன்னிரண்டு வருடம் கலப்புச் செய்து உருவாக்கிய குட்டை இன மாடு. முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் “ம், இருக்கான்” என்பார். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் கேட்டவரின் டீ ஆறிப்போகும்.

அந்தக் குட்டை இனத்தையும் ஒரு பெரிய இனத்தையும் ஒரே கொட்டகையில் விட்டு, எது எவ்வளவு தின்கிறது, தின்றதில் எவ்வளவு செரிக்கிறது என்று பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இனத்திலும் பாதிக் காளைகளுக்கு உலர்ந்த புல் மட்டும். மீதிக்குத் தானியக் கலவை. காளையின் காதில் ஒரு மின்னணு வில்லை. அந்த வில்லை பக்கத்தில் வந்தால்தான் அதற்குரிய தொட்டியின் கதவு திறக்கும். தொட்டிக்கு அடியிலிருந்த தராசு, குறைந்த எடையை அந்தக் காளையின் பெயரில் கணினிக்கு அனுப்பிவிடும். மனிதக் கை படாத கணக்கு என்பதில் இயக்குநருக்கு ஏகப்பெருமை.

மனிதக் கை பட வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருந்தது. அது சாணம். மாதத்தில் ஐந்து நாள் காளைகளின் பின்னால் பை கட்டி, விழுவதையெல்லாம் சேர்த்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய உதவி ஆய்வாளர் ஒருத்தியிடம் அதை ஒப்படைத்திருந்தார்கள். “என் பொண்டாட்டி ஆராய்ச்சி பண்றா” என்று அவள் கணவன் எல்லாரிடமும் சொல்வான். எதில் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

இரண்டாம் மாதம் அவளுக்குத் தலை சுற்றியது. குள்ளன் என்று கொட்டகையில் பெயர் வாங்கிய குட்டைக் காளை, கணினிக் கணக்குப்படி நாளைக்கு மூன்று கிலோ புல் தின்றது. உலர்ந்த சாணம் மூன்று கிலோ நானூறு கிராம் இருந்தது. ஏறிய எடை தினமும் ஒரு கிலோவுக்கு மேல்.

“சார், இது தின்னதைவிட அதிகமா சாணி போடுது” என்றாள்.

“சரியா காயலைம்மா. இன்னொரு தடவை அடுப்புல வை.”

“மூணு தடவை வச்சாச்சு சார்.”

“அப்ப நம்ம இனத்தோட சக்தியைப் புரிஞ்சிக்கோ. வெறும் புல்லுலேயே எப்படி ஊதிருக்கு பார்!” அவர் அதற்குள் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பிவிட்டிருந்தார்.

சாது என்று அழைக்கப்பட்ட பெரிய காளையின் கதை நேர்மாறு. கணினி சொன்னபடி தினம் பதினோரு கிலோ தானியம் தின்றது. சாணமோ ஒரு கிலோகூடத் தேறவில்லை. ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். “தின்னுது, செரிக்குது, உடம்புல ஒட்டலை. தண்டம்” என்று இயக்குநர் அதை வெள்ளிக்கிழமை லாரிக்கு எழுதிவிட்டார். லாரி போவது இறைச்சிக்கூடத்துக்கு.

புதன்கிழமை குள்ளனின் சாணத்தைச் சல்லடையில் போட்டுக் கழுவியபோது, மஞ்சளாக மக்காச்சோளத் துணுக்குகள் மிதந்தன. புல் மட்டும் தின்கிற காளை! அவள் கையைக்கூடத் துடைக்காமல் கொட்டகைக்கு ஓடினாள்.

சாது தன் தொட்டியருகே வந்தது. கதவு திறந்தது. பின்னாலேயே வந்த குள்ளன் அதன் விலாவில் ஒரு முட்டு முட்டியது. சாது ஓரடி தள்ளி நின்று வழிவிட்டது. காது வில்லை எட்டும் தூரத்திலேயே இருந்ததால் கதவு மூடவில்லை. குள்ளன் தலையை நுழைத்து நிதானமாகத் தின்றது. சாதுவின் கணக்கில் எடை ஏறிக்கொண்டே போனது.

“இது ரெண்டு மாசமா நடக்குதே மேடம்” என்றார், தொட்டி நிரப்புகிற தீவனக்காரர்.

“அண்ணே! ஏன் சொல்லலை?”

“மனுசன் கை படக்கூடாதுன்னு சார் சொல்லிருந்தாரு. நான் எதுக்கு வாயை வைக்கணும்?”

அவள் செல்போனில் எடுத்த காட்சியை இயக்குநர் மூன்று முறை பார்த்தார். முதல் முறை, “எவ்வளவு நேக்கா நுழையுது பார்!” என்று பூரித்தார். மூன்றாம் முறை நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“கட்டுரை போயிடுச்சேம்மா. மாடு திருடிடுச்சுன்னா எழுதச் சொல்றே?”

“ஆமா சார். அப்படியே சாதுவை லாரியிலேருந்து எடுத்துடுங்க.”

சாதுவின் பெயரை லாரிப் பட்டியலிலிருந்து உடனே அடித்தார். அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்க இரண்டு நாள் பிடித்தது. ஆனால் அவர் வாங்கினார். அதற்காக அவள் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கருத்தரங்குக்காரர்கள் கோபப்படவில்லை. இயந்திரத்தை மாடு ஏமாற்றியது எப்படி என்று பேசச் சொல்லி, அரை மணி இருந்த நேரத்தை ஒரு மணியாக்கினார்கள். அவர் பேசினார், அரங்கம் எழுந்து கைதட்டியது.

தொட்டிகளுக்கு நடுவே இரும்புத் தடுப்பு போட்டு, சோதனை முதல் நாளிலிருந்து தொடங்கியது. அவள் மறுபடி பை கட்டினாள். இம்முறை சாணம் கணக்கோடு ஒத்துப்போனது. புல்லைக் குட்டை இனம் ஒரு மயிரிழை கூடுதலாகச் செரித்தது. தானியத்தில் பெரிய இனம் நன்றாகத் தின்று நன்றாக வளர்ந்தது. இதைப் பேச யாரும் கூப்பிடவில்லை.

எல்லாரையும்விட வேகமாக வளர்ந்தது சாது. தன் தொட்டியில் இருந்ததைத் தானே தின்னக் கிடைத்த சந்தோஷத்தில் முதுகு பலகைபோல் அகன்றது. அறுப்புக்கு உரிய எடையை முதலில் தொட்டதும் அதுதான். ஆகவே முதல் லாரியில் அதன் பெயர் இருந்தது. புல்லில் இளைத்த குள்ளன் அந்தப் பட்டியலின் பக்கமே வரவில்லை.

லாரி போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, “ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்றான் கணவன்.

“ஒரு மாட்டைக் காப்பாத்தினேன்.”

“நல்ல விஷயம்தானே?”

“வயிறு நிறைய சாப்பிட வச்சேன்” என்றாள் அவள். அவன் அவளுக்குச் சோறு போடத் தட்டை எடுத்தான்.