அறுபது நாளா முப்பது நாளா

எங்கள் சட்டக் கல்லூரி நூலகத்தில் மாதத்துக்கு ஒரு தாள் ஒட்டுவார்கள். 'புதிய வரவுகளும் நிகழ்வுகளும்' என்று தலைப்பு. மார்ச் மாதத் தாளில் லமீஸின் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. புதிய சட்டத் தரவுத்தளம், பொறுப்பு லமீஸ். பயிற்சி வகுப்பு, நடத்துபவர் லமீஸ். மாதிரி நீதிமன்றப் போட்டி, ஏற்பாடு லமீஸ். இப்படியே போனது. என் பெயரும் இருந்தது, ஒரே ஒரு இடத்தில், கடைசி வரியில்: 'முதல் மாடிக் கழிப்பறைச் சாவி நஜாத் மேடத்திடம் கிடைக்கும்.'

இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு பற்றி எரிந்தது. அதை மறைப்பானேன்!

லமீஸ் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. தோஹாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வந்த அன்றே என்னை 'அக்கா' என்றாள். அக்காவாம் அக்கா! ஏழு வயசுதான் வித்தியாசம். அவள் சிரித்துக்கொண்டு வந்தால் டீன் ஃபாயிஸ் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். நான் போனால் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அவ்வளவுதான்.

எங்கள் தலைமை நூலகர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு டீன் ஒரே ஒரு பெயரை எழுதி அனுப்ப வேண்டும். ஒன்று நான், இல்லையென்றால் லமீஸ். வேறு ஆளே கிடையாது. "தரவுத்தளத் திறப்பு விழா முடியட்டும், அப்புறம் எழுதுறேன்" என்று டீன் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாதா?

என் வேலையைச் சொல்கிறேன். அரசிதழ் வியாழக்கிழமை வரும். அதில் ஒரு சட்டம் தப்பாக அச்சாகிவிட்டால், சில வாரம் கழித்துப் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பிழைதிருத்த அறிவிப்புப் போடுவார்கள். நான்கு வரி இருக்கும். யார் கண்ணிலும் படாது, என் கண்ணில் படும். அதைக் கத்தரித்து, பழைய தொகுதியை எடுத்து, தப்பான வரிக்குப் பக்கத்தில் ஒட்டி, தேதி போட்டு, என் பெயரின் முதலெழுத்தை வைப்பேன். இருபத்தேழு வருஷச் சீட்டுகள் அந்த அலமாரிகளில் இருக்கின்றன. லெபனானின் இந்த வடக்கில், திரிபோலியில், நீதிமன்றக் குமாஸ்தாக்களே சந்தேகம் வந்தால் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள்.

தரவுத்தளம் வந்த முதல் வாரம் தினமும் நாலு தடவை மின்சாரம் போனது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை லமீஸின் திரைகளெல்லாம் கருப்பாகக் கிடக்கும். நான் ஜன்னலோரமாக ஒரு தொகுதியை விரித்து வைத்துக்கொண்டு, சத்தமாகப் பக்கம் புரட்டுவேன். கேட்கட்டும் என்றுதான். அதற்கும் வழி கண்டுபிடித்தாள் பாவி, எங்கிருந்தோ இரண்டு பெரிய பேட்டரி கொண்டு வந்து வைத்தாள். பையன்கள் கைதட்டினார்கள்.

பையன்கள் போனால் போகட்டும். மைஸா போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மைஸா நான்காம் வருஷ மாணவி. அப்பா தப்பானே என்கிற ஏழைப் பேட்டையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். வீட்டில் ஒரு சட்டப் புத்தகம் கிடையாது. இரண்டு வருஷமாக என் மேஜைக்கு எதிரேதான் உட்காருவாள். நான் கொண்டு வரும் தைம் இலை தூவிய ரொட்டியில் பாதி அவளுக்கு. "மேடம், இதுக்குத் திருத்தம் வந்திருக்கா?" என்று கேட்டுக் கேட்டே படித்தவள். அவள் பெயர் சொல்லி ஒருநாள் கோர்ட்டில் கூப்பிடும்போது நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருக்கிறேன். பிப்ரவரியில் இடம் மாறினாள். லமீஸுக்குப் பக்கத்து நாற்காலி.

"அங்க வெளிச்சம் நல்லா இருக்கு மேடம்" என்றாள்.

"இருக்கும் இருக்கும். இங்க இருட்டுதானே" என்றேன்.

லமீஸ் என்னிடம் வராமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் இரண்டு காபியோடு வந்து என் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, இந்தக் கம்பெனிக்காரங்க அரசிதழை அப்படியே ஏத்திட்டாங்க. பிழைதிருத்தமெல்லாம் சேர்த்தாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உங்க சீட்டெல்லாம் வச்சு ஒருதடவை ஒத்துப் பாத்துடலாமா? ஒரு வாரம் என்கூட உக்காருங்களேன்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா. இது உங்க உழைப்பு."

"என் உழைப்பு, உன் பேர். ஆறு இடத்துல போட்டிருக்கே, பாத்தேன்."

அவள் முகம் சுருங்கியது. காபியைக் குடிக்காமலே போனாள். நான் இரண்டு காபியையும் குடித்தேன்.

மாதிரி நீதிமன்றப் போட்டி திறப்பு விழாவிலேயே நடப்பதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மைஸா என் மேஜைக்கு வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு. கையில் வழக்குத் தாள். ஓய்வுபெற்ற நீதிபதி இஸ்பெரான்ஸ் அம்மாள்தான் அந்த வழக்கை எழுதியிருந்தார், தீர்ப்புச் சொல்லப்போவதும் அவர்தான். கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய ஒரு தையல்காரர், நாற்பத்தொன்றாம் நாள் ஆட்சேபம் தாக்கல் செய்கிறார். மைஸா தையல்காரருக்கு வக்கீல். ஜெயிப்பவருக்குப் பெய்ரூத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் கோடைப் பயிற்சி. டயர்க்காரர் மகளுக்கு அது எப்பேர்ப்பட்ட கதவு என்று எனக்குத் தெரியும்.

"மேடம், கடை வாடகைச் சட்டத்துல ஆட்சேபத்துக்கு அறுபது நாள்னு திரையில இருக்கு. அறுபதுதானே?"

அறுபது இல்லை. முப்பது. அச்சகத்துக்காரன் செய்த தப்பு. ஆறு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது. நான்தான் கத்தரித்தேன், நான்தான் ஒட்டினேன். அந்தப் பக்கம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? உன் லமீஸ் மேடம்கிட்ட கேளு."

"கேட்டேன். அவங்கதான், எதுக்கும் நஜாத் அக்காகிட்ட ஒருதடவை கேட்டுக்கோன்னு அனுப்பினாங்க."

அனுப்பினாளாம்! அவள் அனுப்பினால்தான் இவள் என்னிடம் வருவாளா? இரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்தவளுக்குத் தானாக வரக் காலில்லையா? என் தலைக்குள் ரத்தம் ஏறியது. அதோடு இன்னொரு நினைப்பும் ஏறியது. விழாவில், டீன் முன்னால், நீதிபதி முன்னால், அந்தத் திரை தப்பு என்று தெரிந்தால்?

"திரையில இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"தொகுதியை ஒருதடவை பாத்துக்கட்டுமா?"

"பைண்டிங்குக்குப் போயிருக்கு."

பைண்டிங்குக்கு எங்கே போனது? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து என் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் என்னவோ போலிருக்கிறது.

விழா அன்று வாசிப்புக் கூடம் கல்யாண வீடாக இருந்தது. கடைத்தெருவிலிருந்து பாலாடைக்கட்டி இனிப்பு நாலு தட்டு வந்திருந்தது. லமீஸ் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் பறந்தாள். டீன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "நம்ம கல்லூரிக்குப் புது ரத்தம்" என்றார். அப்படியானால் நான் என்ன, பழைய ரத்தமா? கழிப்பறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தூண் ஓரமாக நின்றேன்.

வாதம் ஆரம்பித்தது. மைஸா எழுந்தாள். என்ன பேச்சு, என்ன நிதானம்! தையல்காரரின் ஊசியையும் இயந்திரத்தையும் கண் முன்னால் கொண்டு வந்துவிட்டாள். முன்வரிசையில் அவளுடைய அப்பா, நகக்கண்ணில் கரியோடு, கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே ஒரு நிமிஷம் மறந்துபோனது. கையைத் தட்டப் போனேன்.

எதிர்த் தரப்பு எலியாஸ் எழுந்தான். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் வக்கீல்கள்.

"நீதிபதி அவர்களே, இந்த ஆட்சேபமே செல்லாது. கெடு முப்பது நாள். இவர் நாற்பத்தொன்றாம் நாள் வந்திருக்கிறார்."

"அறுபது நாள்" என்றாள் மைஸா. "புதிய தரவுத்தளத்தில் பார்த்தேன்."

லமீஸ் ஓடிப்போய்ப் பெரிய திரையில் அந்தச் சட்டத்தைப் போட்டாள். அறுபது என்றுதான் இருந்தது. கூட்டம் எலியாஸைப் பார்த்துச் சிரித்தது. இஸ்பெரான்ஸ் அம்மாள் சிரிக்கவில்லை.

"நான் எட்டு வருஷம் வாடகைக் கோர்ட்டுல இருந்தேன் கண்ணு. முப்பதாம் நாள் தாண்டினவங்கள நானே திருப்பி அனுப்பியிருக்கேன். இந்தத் திரையை விடுங்க. அரசிதழ் யார்கிட்ட இருக்கு?"

இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன். இழுப்பறையைத் திறந்து, தொகுதியைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நடந்து போனேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தை விரித்து நீதிபதி முன்னால் வைத்தேன். அவர் சீட்டைப் படித்தார், தேதியைப் படித்தார், என் எழுத்தையும் பார்த்தார்.

"இதை ஒட்டினது யாரு?"

"நான்தான் அம்மா."

"டீன், இந்த அம்மாவை விட்டுடாதீங்க" என்றார்.

டீன் லமீஸை ஒரு பார்வை பார்த்தார். சுட்டெரிக்கும் பார்வை. லமீஸ் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னோடதுதான் சார். பிழைதிருத்தங்களை ஒத்துப் பாக்காம திறந்துட்டேன்."

அவளோடு உட்கார்ந்து ஒத்துப் பார்க்க நான் மறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதிபதி மைஸா பக்கம் திரும்பினார்.

"நல்லா வாதாடினே கண்ணு. ஆனா கெடுவிலேயே போயிட்டே. யாரையாவது ஒருதடவை கேட்டிருக்கக் கூடாதா?"

மைஸா என்னைப் பார்த்தாள். தொகுதியைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னை.

"கேக்கலை அம்மா" என்றாள்.

எலியாஸ் ஜெயித்தான். மைஸாவின் அப்பா எழுந்து, எதற்கென்று தெரியாமலே எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

கூட்டம் இனிப்புத் தட்டுப் பக்கம் நகர்ந்ததும் மைஸாவைப் பிடித்தேன்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது மேடம்? என் பேச்சுக்கு எதிரா உங்க பேச்சு. எங்கிட்ட என்ன சாட்சி இருக்கு?"

"சாட்சி இருந்தது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. லமீஸ். "நான்தானே உன்னை அனுப்பினேன்." என்னைப் பார்த்தாள். குரலில் கோபமில்லை, அதுதான் கொன்றது. "நீங்க என்னைக் கவிழ்ப்பீங்கன்னு தெரியும்க்கா. இவளைக் கவிழ்ப்பீங்கன்னு நினைக்கல."

அதற்குள் டீன் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மேஜையில் தாள் தயாராக இருந்தது.

"லமீஸே உங்க பேரைத்தான் சொல்றா. இனிமே நீங்கதான் தலைமை நூலகர். உங்களுக்கு ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கூட வைத்தார், நான் சொல்லட்டும் என்று. முன்வரிசையில் கைதட்டிய அந்தக் கரி விரல்கள் ஞாபகம் வந்தன. அந்தத் தாளை லமீஸின் பெயரோடும் நினைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது கூடம் காலியாகிவிட்டது. ஒரே ஒரு மேஜையில் லமீஸும் மைஸாவும். நடுவில் தொகுதிகள் அடுக்காக இருந்தன. மைஸா சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள், லமீஸ் அதைத் தட்டி ஏற்றினாள். என்னுடைய இருபத்தேழு வருஷம். ஒரு சீட்டில் நான் போட்டிருந்த தேதியில் மைஸா தடுமாறினாள். என் கையெழுத்துச் சில சமயம் எனக்கே பிடிபடாது.

"இது ஏழா, ஒண்ணா?" என்று லமீஸிடம் கேட்டாள்.

"தெரியலையே. எங்க, காட்டு" என்றாள் லமீஸ்.

இருவரும் தலையோடு தலை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அது ஏழு. வெகுநேரம் பார்த்தார்கள். என்னிடம் கேட்கவில்லை.