மான் மார்க் பேண்டேஜ் லேபிள்

ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள ஜனார்த்தனின் பேண்டேஜ் துணி ஆலையில், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம் பதினோராம் தேதி முதல் லேபிள்கள் உண்மையை எழுதத் தொடங்கின. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. லேபிள் ஒட்டும் ஞானபாக்கியம், ஆலைக்கழிவு இறங்கிப் பாழான பின்புறக் கிணற்றில் ஒரு வாளி மொண்டு மைதாப் பசை காய்ச்சினாள். ஒட்டிய பசை காய்ந்ததும், மான் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த 'தூய்மையானது, தீங்கற்றது' மறைந்து வேறு எழுத்துகள் ஏறின. அவளுக்கு எழுத்துத் தெரியாது. மான் தலை மேலே இருந்தால் ஒட்டியது சரி. ஆகவே எட்டு நாள் யாரும் கவனிக்கவில்லை.

அவள் நினைப்பெல்லாம் புருஷன் பால்சாமி மேல் இருந்தது. பிளீச்சிங் தொட்டியில் துணியை முக்கி எடுக்கும் அவன் இரண்டு வருஷமாக இருமிக்கொண்டிருந்தான். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. தொட்டியில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஜனார்த்தன், "வெறும் சோப்புத் தண்ணிம்மா. ஒம் புருசன பீடிய விடச் சொல்லு" என்றார். பால்சாமி பீடியைத் தொட்டதே இல்லை.

ஒன்பதாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹபீப் ரகுமான் போன் செய்தார். "துணி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. லேபிள்ல இம்புட்டு விவரம் எதுக்கு? வந்தவுகள்லாம் நின்னு படிச்சு ரோட்டையே மறிக்காக." அப்படியே வாசித்தும் காட்டினார்: குளோரின் தொட்டியில் வெளுத்தது. இந்தக் கட்டுக்காகக் கெட்ட தண்ணீர் அறுபது குடம். வெளுத்தவர் பால்சாமி, அன்று இருமியது நூற்றுப் பன்னிரண்டு தடவை.

ஜனார்த்தன் லேபிள்களைச் சுரண்டச் சொன்னார். சுரண்டிய இடத்தில் அட்டை உறையிலேயே எழுத்து ஏறியது. மதுரையிலிருந்து புதுப் பசை வந்தது, அதுவும் எழுதியது.

"ஏட்டி, பசையில என்னத்தக் கலந்த?"

"கெணத்துத் தண்ணி மொதலாளி. சோப்புத் தண்ணிதான்னு சொன்னீகள்ல, பசைக்கு ஆகும்னு நெனைச்சேன்."

லேபிளில் தொட்டி விவரம் இருப்பதைக் கேள்விப்பட்ட அவள், மறுநாள் ஒன்றை மடித்து மடியில் செருகி, புருஷனை பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்தவர் போலத் தலையாட்டி, வேறு மருந்து எழுதினார். தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்றும் எழுதினார். பால்சாமி துணி காயப்போடும் களத்துக்கு மாறினான். லேபிளும் உறையும் இல்லாமல் ஜனார்த்தன் அனுப்பிப் பார்த்த கட்டுகளைக் கடைக்காரர்கள் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பவே, மறைக்க வழியில்லாமல் தொட்டிக்கு மூடியும் புகைபோக்கியும் வந்தன. மூடியைத் திறந்து வைத்த நாட்களை லேபிள் எழுதிவிடும். சோதனைக்கு வந்த அதிகாரி, எழுத்தின் உயரம் விதிப்படி இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போனார்.

இப்போது அச்சகத்திலிருந்து மான் படம் மட்டும் போட்ட தாள்தான் வருகிறது. ஒட்டிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டால் மற்றது எழுதிக்கொள்ளும். புருஷன் பெயரில் தொடங்கி, லேபிளில் விரல் வைத்தே ஞானபாக்கியம் எழுத்துக் கற்றுக்கொண்டாள். இந்தத் தை மாதம் ஒரு காலையில் எழுத்துக் கூட்டி வாசித்தாள்: கிணறு இன்னும் தேறவில்லை. காயப்போட்டவர் பால்சாமி, இருமவில்லை.

இன்னொரு தடவை வாசித்தாள். மான் தலை மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்த கட்டை எடுத்தாள்.