மங்கலாய் வந்த கார்பன் வில்லை

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற தஸ்தகீருக்கு, எதிர்க்கடையைப் பார்த்தாலே வயிறு எரியும். எதிர்க்கடைக்காரன் வேறு யாருமில்லை, மனைவி ஜான் பீயின் தம்பி காசிம்தான். ஏழு வருஷம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகிவிட்டு, எண்பத்து நாலில் நேர் எதிரே போர்டு மாட்டிவிட்டான். போதாததற்கு, சோறு போடும்போதெல்லாம் ஜான் பீ தம்பி புராணம் பாடுவாள். மனுஷன் எத்தனைதான் பொறுப்பார்!

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியவர் செபாஸ்டின். பாப்பாரப்பட்டிக்காரர், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு மாற்று வைக்கிறார்களே, அதற்கான கார்பன் வில்லையைக் கெட்டிப்படுத்துவதுதான் அவர் ஆராய்ச்சி. மின்னேற்றிய நைட்ரஜன் அணுக்களை ஒரு பெரிய மெஷின் கற்றையாக வில்லைமேல் பாய்ச்சுமாம். அயனிக் கற்றை என்பார். மேல்தோல் இறுகிப்போகும், லேசில் தேயாது. ஆனால் அதற்கு முன்னால் வில்லை கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். கீறல் இருந்தால் ரத்தம் அதில் ஒட்டிக் கட்டிக்கொள்ளும். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது தஸ்தகீரின் கைவேலையைப் பார்த்து அசந்துபோய், சோதனைக்கு மட்டும்தான் என்று, ஒரு பக்கம் தேய்த்துத் தரச் சொல்லி இரண்டு வில்லைகளைக் கொடுத்தார். அதோடு விட்டாரா? எதிர்க்கடைக்கும் போய்க் காசிமிடம் இரண்டு கொடுத்தார்.

தஸ்தகீர் பத்து நாள் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல ஆனதும், தன் வழக்கப்படி இரண்டின் முதுகிலும் கொக்கிபோல் ஒரு சின்ன அடையாளம் கீறி அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் செபாஸ்டின் வந்து ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"நாலுல ஒன்னுதான் தேறுச்சுங்க பாய். அதை முப்பது மணி நேரம் மெஷின்ல வெச்சோம். திங்கக்கிழமை டாக்டருங்க கையில குடுக்கணும். இருங்க, காசிமையும் கூட்டியாரேன், ரெண்டு பேருக்கும் ஒன்னாச் சொல்லணும்."

யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? எதிர்க்கடை வாசலில் செபாஸ்டின் காசிமின் தோளைத் தட்டுவதும், இருவரும் சிரிப்பதும், சேர்ந்து தெருக்கோடிக்கு நடப்பதும் தெரிந்தது. ஓகோ, அவனுடையதுதான்.

தஸ்தகீர் டப்பாவைத் திறந்தார். வில்லையை ஒரு செப்புத் தகட்டில் மெழுகு வைத்து ஒட்டியிருந்தார்கள். நடுவில் வட்டமாக ஒரு மங்கல். அட, இதற்கா இத்தனை சிரிப்பு? இதைத் துடைக்கக்கூடக் கை வராதவனுக்கா? திரும்பி வந்து பார்க்கட்டும், உண்மையான மெருகு என்னவென்று தெரியட்டும்.

வைரப்பொடிப் பசையைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் துணி வழுக்கியது, பிடி கொடுக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முரண்டை அவர் கை கண்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கால் மணி நேரத்துக்குப் பிறகு துணி கவ்வியது. மங்கல் போய்விட்டது.

செபாஸ்டினும் காசிமும் உள்ளே வந்தார்கள். காசிம் கையில் ஒரு இனிப்புப் பொட்டலம். அவன் வாயைத் திறப்பதற்குள் தஸ்தகீர் வில்லையை நீட்டினார்.

"காசிம் வுட்ட மங்கலை எடுத்துட்டேன். இப்பப் பாருங்க."

செபாஸ்டின் முகம் வெளுத்தது. "எவ்வளவு நேரம் புடிச்சுது பாய்?" என்றார்.

"கால் மணி நேரம். மொதல்ல துணியே புடிக்கல."

"அப்ப நல்லாத்தான் இறுகியிருந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கற்றை இறுக்குவது தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தோலைத்தான், அதைத்தான் பாய் தேய்த்து எடுத்துவிட்டார் என்று மெதுவாகச் சொன்னார். மங்கல் குறையில்லை, கற்றை பட்ட தடம். மெஷினில் அடுத்த முறை கிடைக்க எட்டு மாதம் ஆகும். ஒன்றும் சொல்லாமல் டப்பாவை வைத்துவிட்டுப் போனது தன் தப்பு என்றும் சொன்னார்.

பிறகு தகட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மெழுகு இளகியது. வில்லையைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

முதுகில் கொக்கிபோல் ஒரு சின்னக் கீறல் இருந்தது.

தஸ்தகீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிம்தான் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினான்.

"உங்களுதுதான் தேறுச்சுன்னு சார் சொன்னாருங்க மச்சான். அதான் வாங்கியாந்தேன். என்னுது ரெண்டும் கீறலு." பிறகு செபாஸ்டினிடம் திரும்பி, "அடுத்த வில்லையையும் மச்சான்கிட்டயே குடுங்க சார். அவரு கை எனக்கு வராது" என்றான்.

அந்த நேரத்திலும் தஸ்தகீருக்கு அவன் மேல்தான் பொறாமை வந்தது. இப்படிச் சொல்ல அவனால் முடிகிறதே என்று வயிறு எரிந்தது. பொட்டலத்தைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.