துணிக்கடைத் தரை

வாசல் நிலையின் உயரம் ஆறடி ஓரங்குலம். பழைய வரைபடத்தில் ஏழடி. இரண்டு முறை அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மேஸ்திரி அக்கா, "நிலை இறங்கல தம்பி. தரைதான் ஏறியிருக்கு," என்றார்.

கடைவீதியின் நடுவில் நிற்கும் கட்டடம். முதலில் சினிமாக் கொட்டகை, பிறகு துணிக்கடை, சோபா ஷோரூம், கடைசியாக செல்போன் கடை. இனி ஸ்கேன் சென்டர். வந்தவர்கள் யாரும் பழைய தரையைப் பெயர்க்கவில்லை. அதன் மேலேயே கலவையைக் கொட்டி அடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள். வாசலருகே ஓரடிச் சதுரம் வெட்டச் சொன்னேன். வெள்ளை டைல்ஸ், அதன் கீழே மரநிற டைல்ஸ், அதற்கும் கீழே பச்சைப் புள்ளி போட்ட மொசைக்.

மொசைக் துணிக்கடையுடையது. என் மனைவி நான்கு வருடம் அங்கே துணி கிழித்துக் கொடுத்தாள். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. "நின்னு நின்னே தரையில பள்ளம் விழுந்துடுச்சு. வேற பொண்ணு பாத்துக்கங்க, எனக்குப் பாதிக் கால்தான் மிச்சம்," என்பாள். சிரிப்பேன். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ஸ்கேன் மெஷின் உள்ளே போக ஏழடி வேண்டும். தரைகளைப் பெயர்க்கலாம். அல்லது நிலைக்கு மேலே சுவரை வெட்டி உயர்த்தலாம். எதுவானாலும் சரி, இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் இன்ஜினியர் சார் என்றார் ஸ்கேன் சென்டர் முதலாளி. பெயர்ப்பதுதான் முறை. சுவரை வெட்டினால் மொசைக் அப்படியே கீழே கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சோதனைக்கு என்று சொல்லி, இடப்பக்கச் சுவரோரம் மேல் இரண்டு தரைகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். துணிக்கடைக் கவுண்டர் அங்கேதான் இருந்தது. பட்டை பட்டையாக எடுத்துக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் வாசல் பக்கம் ஓடியது. சுவருக்கு இணையாக ஒரு கோட்டில் மட்டும் ஓடாமல் நின்றது.

அந்தக் கோட்டின் குறுக்கே மட்டப்பலகையை வைத்தேன். அதன் அடியில் என் நகம் நுழைந்தது. வெறுங்காலால் கல்லைத் தேய்த்திருக்கிறார்கள். இருபதடி நீளத்துக்கு.

அவள் நின்ற இடம் எது என்று தேடினேன். பிரிக்க முடியவில்லை. ஏழெட்டுப் பெண்கள், எத்தனையோ வருடம், ஒரே பள்ளம்.

"யாரு தம்பி?" என்றார் அக்கா.

"வீட்ல. இங்க வேலை பார்த்தா."

அவர் ஆட்களை டீ குடிக்க அனுப்பினார்.

"நானும் இதுல நின்னுருக்க வேண்டியவதான். உயரம் பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." பிறகு, "சுவர வெட்டவா, தரைய எடுக்கவா? நீங்க சொல்றதுதான்."

ஷூவைக் கழற்றினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தத் தண்ணீரில் நடந்தேன். எல்லா இடமும் ஒரே குளிர்ச்சி. அவள் இடத்தை எங்கோ மிதித்துத் தாண்டியிருப்பேன்.

"எடுத்துடுங்க," என்றேன்.

மொசைக்கின் கீழே மணல். வாசலிலிருந்து உள்ளே போகப் போக ஆழம் கூடியது. நான்காம் நாள் கொட்டகைத் தரை முழுவதும் வெளிப்பட்டது. வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரை சரிந்து இறங்கியது. நாற்காலிகளை முடுக்கியிருந்த ஓட்டைகள் வரிசை வரிசையாக. சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். தூசிக்காக ஷட்டரை இறக்கியிருந்தோம். இருட்டில் எல்லோரும் சரிவில் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, எல்லா முகமும் ஒரே பக்கம் இருந்தது.

கண் பழகியதும் அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார்.

எங்களுக்குப் பின்னால், வாசல் பக்கச் சுவரின் மேலே செங்கல் பெயர்ந்து கைமுட்டி அளவு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே வந்த வெளிச்சத்தில் எதிர்ச்சுவர் முழுக்கக் கடைவீதி தெரிந்தது. தலைகீழாக. கொஞ்சம் மங்கலாக, ஆனால் நிறங்களோடு. ஒரு பஸ் சக்கரங்கள் மேலே இருக்க, சத்தமில்லாமல் நின்று நகர்ந்தது. சுவரின் உச்சியில் பாதங்களைப் பதித்து, கையில் பையோடு ஒரு பெண் நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.