ஏழாம் எண் பாரம்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவு என்றால் அது மாடிப்படிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரே ஒரு மேசைதான். அந்த மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ‘பாரம் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெறப் போகிறவர்கள் பத்துப் பாரங்களை நிரப்பித் தர வேண்டும். எந்தப் பாரத்தில் எங்கே கையெழுத்து, எதற்கு எந்த நகல் என்பதெல்லாம் அவளைத் தவிர வேறு யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. அவளைவிட மூத்த அதிகாரிகள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பாரங்களோடு சேர்த்து அவள் கொஞ்சம் புத்திமதியும் கொடுப்பாள். “மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க. எடுத்ததை ஒரே இடத்துல போடாதீங்க. பிள்ளைங்களுக்குத் தூக்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க மருந்துச் செலவை எழுதிப் பாருங்க.” சிலர் கேட்டார்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதமே மகனுக்குக் கார் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் ஏழாம் எண் பாரத்தைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் டிக் போட்டால் ஓய்வூதியம் முழுசாக வரும். ஆள் இறந்ததும் நின்றுவிடும். இரண்டாவதில் போட்டால் மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் அவருக்குப் பின் கணவனோ மனைவியோ இருக்கும்வரை பணம் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை போட்ட டிக்கைப் பிறகு மாற்ற முடியாது. “அக்கா, எதுல போடட்டும்?” என்று யாராவது கேட்டால், “அதை வீட்ல பேசிட்டு வாங்க” என்று பாரத்தைத் திருப்பி நீட்டிவிடுவாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீரேற்று நிலையத்து பம்ப்காரர் ஒருவர் ஓய்வு பெற்றார். மாதக் கடைசி; மேசைக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் இதே கேள்வியைக் கேட்டார்.

“வீட்ல எப்படி இருக்காங்க?”

“அவளுக்கு சுகர், பிரஷர், எல்லாமே இருக்கு அக்கா. பாதி நாள் ஆஸ்பத்திரியிலதான்.”

“அப்ப முதல் கட்டத்துலயே போடுங்க. எதுக்கு மாசாமாசம் விட்டுக் கொடுக்கணும்?” என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பம்ப்காரர் டிக் போட்டார். மறுநாள் மனைவியின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்து, பேருந்துக்கு நின்ற இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி உயிரோடு இருந்தார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை. அந்த அம்மா ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தபோது, அவருடைய கையெழுத்தையே எடுத்துக் காட்ட வேண்டிய வேலை பாரம் அக்காவுக்கு வந்தது. அந்த அம்மா அதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது பாரம் அக்காவுக்கே அறுபது வயது. வேலை முடிய மூன்று வாரம் இருந்தது. ஒன்பது பாரங்களை ஒரே மத்தியானத்தில் நிரப்பிவிட்டாள். ஏழாவது மட்டும் கைப்பைக்குள் கிடந்தது.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள் என்பதால் ஊருக்கே அவர் ‘மாஸ்டர்’. அறுபத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து வேலையை விட்டுவிட்டார். சொந்தத் தொழில் என்பதால் அவருக்கு ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“முதல் கட்டம்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“உனக்கு என்ன ஆகப்போகுது? மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறுறவ நீ. இங்க எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்த்த வண்டி நான்தான். எவ்வளவு தூரம் ஓடும்னு எனக்குத் தெரியாதா?”

அவள் சிரித்தாள். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. அவளைவிட ஆறு வயது மூத்தவர், நோயாளி. இருபத்தாறு வருடம் இந்தப் பாரங்களோடு இருந்தவளுக்கு அந்தக் கணக்கு தெரியாதா என்ன? ஆனால் அதே கணக்கைத்தான் அவள் பம்ப்காரருக்கும் சொல்லியிருந்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, பம்ப்காரரின் பழைய கோப்பிலிருந்து எழுதி எடுத்த முகவரிக்குப் போனாள். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். “அவங்க லாண்டரியில இருப்பாங்க, ரெண்டு தெரு தள்ளி” என்று கை காட்டினார்கள்.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் லாண்டரி அது. உள்ளே நுழைந்ததுமே முகத்தில் ஆவி அடித்தது. இஸ்திரி இயந்திரத்திலிருந்து வெளியே வரும் விரிப்புகளை இரண்டு பெண்கள் முனைக்கு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அந்த அம்மா. எழுபதை நெருங்கியிருப்பார். காலில் வீக்கம் தெரிந்தது. கை மட்டும் நிற்காமல் ஓடியது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார்.

“பாரம் மேடம்தானே? என்ன, ஏதாவது பணம் வருதா?”

அந்தக் கேள்வியில் நம்பிக்கை இருந்தது. “இல்லைக்கா. வேற விஷயம்.”

இடைவேளையில் இருவரும் பின்பக்கத்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். பாரம் அக்கா மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். “அன்னைக்கு முதல் கட்டத்துல போடச் சொன்னது நான்தான்க்கா. கூட்டம் அதிகமா இருந்துச்சு. யோசிக்காம சொல்லிட்டேன்.”

அந்த அம்மா முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும். அவர் வந்து சொன்னார், அக்காவே சொல்லிட்டாங்கன்னு. உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் அந்தக் கோபம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க யாரோ ஒரு ஆபீஸ்காரங்க. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த மனுஷன், ‘நான் இல்லாமப் போனா நீ என்ன பண்ணுவே’ன்னு ஒரு வார்த்தை கேட்கலையே. நானும் கேட்கலை. அந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம்னு ரெண்டு பேரும் வாயைக் கட்டிக்கிட்டோம். கையெழுத்து போடுன்னாரு, அடுப்பை அணைச்சிட்டு வந்து போட்டேன். என்ன எழுதியிருக்குன்னுகூடப் பார்க்கலை.”

“உடம்பு எப்படிக்கா இருக்கு?”

“எனக்கென்ன, நான் இரும்பு. எல்லாரும் என்னைத்தான் முதல்ல வழியனுப்பக் காத்துக்கிட்டு இருந்தாங்க” என்று சிரித்தார். உள்ளே மணி அடித்தது. முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “உங்களுக்கும் ரிட்டயர்மெண்டா? அப்ப வீட்டுக்குப் போய்ப் பேசுங்க மேடம். சண்டை வந்தாலும் பரவாயில்லை.”

அவள் நேராக வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் ஜன்னல் ஓரமாக நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, நான் முதல்ல போயிட்டா நீங்க எப்படிச் சாப்பிடுவீங்க?”

“வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?”

“பதில் சொல்லுங்க.”

“பொண்ணு பார்த்துக்குவா.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

மாஸ்டரின் முகம் மாறியது. அவர்கள் மகள் விலங்கு மருத்துவர். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் சின்ன கிளினிக் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தி வந்தாள். மாஸ்டர் நாளிதழை மடித்து, திரும்பவும் மடித்து, கடைசியில் சொன்னார்.

“அவ ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கப் போறா. மூணு வருஷத்துக்கு மாசத் தவணையை நாம கட்டுறோம்னு சொல்லிட்டேன். முழு ஓய்வூதியம் வந்தாத்தான் அது முடியும். அதான்…”

“என்னைக் கேட்காமலா?”

“நீ வேணாம்னு சொல்லிடுவியேன்னுதான்.”

அவளுக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. ஆனாலும் ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டாள். “சரி, நமக்கு மாசம் என்ன ஆகுதுன்னு முதல்ல எழுதுவோம். வாடகை நான் சொல்றேன். உங்க மாத்திரை எவ்வளவு?”

அவர் சொன்ன தொகை அவளுக்குத் தெரிந்ததில் பாதிதான் இருந்தது.

“இது எப்படி? டாக்டர் தினமும்தானே சாப்பிடச் சொன்னார்?”

“ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுறேன். நாலு மாசமா. நீ வேலையை விட்டதும் கை கடிக்குமே, இப்பவே பழகிக்கலாம்னு.”

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மருந்துச் செலவை எழுதிப் பார்க்கச் சொன்னவள், தன் வீட்டு அலமாரியில் மாத்திரை அட்டை தீராமல் கிடந்ததைக் கவனிக்கவில்லை. எழுந்துபோய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் விழுங்கும்வரை நின்றாள். பிறகுதான் அழுதாள்.

“பாரம்னு உனக்குப் பேர் வச்சவன் சும்மா வைக்கலை” என்றார் மாஸ்டர், சூழ்நிலையை லேசாக்கப் பார்த்து. அவள் சிரிக்கவில்லை. அவரும் சற்று நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நிஜமாவே பயமாத்தான் இருக்கு. நீ இல்லைன்னா எனக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியாது. அதனாலதான் அதை யோசிக்கவே மாட்டேங்கிறேன்.”

அன்று இருவரும் பேசிய அளவுக்கு அந்த வீட்டில் அதற்கு முன் பேசியதே இல்லை. யார் முதலில் போனால் என்ன செய்வது, எந்த வீட்டில் இருப்பது, பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இடையில் இரண்டு தடவை சண்டை வந்தது. கடைசியில் மாஸ்டரே பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். அவர் பாரத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை சாப்பிட வந்தவளிடம், வாக்குக் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா மாஸ்டரையே பேச விட்டாள். அவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தபோது மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அட்வான்ஸ் கொடுத்துட்டேன்ப்பா. திரும்ப வராது. முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் கொடுக்கப் போறேன்?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த அட்வான்ஸ் எங்க தப்பு. அதை நாங்க தந்துடறோம்” என்றாள் அம்மா. “தவணை மட்டும் எங்களால முடியாது. முடியும்னு சொல்லிட்டு, நாளைக்கு ரெண்டு பேரும் உன் வாசல்ல வந்து நிக்கிறதுக்குப் பதிலா இன்னைக்கே சொல்லிடுறோம்.”

“நான் உங்களை வாசல்ல நிக்க வைப்பேனா?”

“அதுக்கில்லடி. உனக்கும் அந்தச் சுமை வேணாம்னுதான்.”

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். மூன்று வாரம் போன் இல்லை. ‘அப்பா மாத்திரை போட்டாரா?’ என்று ஒரு வரி மட்டும் தினமும் வரும். ‘போட்டார்’ என்று அம்மா பதில் அனுப்புவாள். நாலாவது வாரம் மகளே வந்தாள். பக்கத்துத் தெரு விலங்கு மருத்துவரும் அவளும் சேர்ந்து ஒரு பழைய மெஷினை வாங்கியிருந்தார்கள். “இப்ப மூணு நாள் எனக்கு, மூணு நாள் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு லீவு” என்றாள். கோபம் முழுசாகப் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. இருந்தாலும் அன்று முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள்.

அவர்கள் பெரிய வீட்டை விட்டு இரண்டு அறை உள்ள சின்ன வீட்டுக்கு மாறினார்கள். மொத்தமாக வந்த பணத்தில் அட்வான்ஸ் போக மீதியை மூன்று இடத்தில் பிரித்துப் போட்டார்கள். மாஸ்டர் காலையில் அவளோடு நடந்தார். வெகுநாள் கழித்து நல்ல செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டார்.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாஸ்டர் போய்ச் சேர்ந்தார்.

இறப்புச் சான்றிதழைக் கொடுக்க அவள் தன் பழைய மேசைக்கே போனாள். கட்டணப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பாரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“அக்கா, நீங்க இரண்டாவது கட்டமா போட்டிருக்கீங்க? சாருக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சும்? இனிமே ஆயுசு முழுக்கக் குறைச்சல்தானே வரும். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்மா. யார் எப்போ போவாங்கன்னுதான் தெரியலை” என்றாள் அவள். “அவர் பயமில்லாம இருந்தார். அதுக்குக் கொடுத்த விலைன்னு வச்சுக்க.”

அந்தப் பெண்ணுக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. எப்படியும் முத்திரையைக் குத்தி நகலைக் கொடுத்தாள்.

குறைந்த தொகை மாதக் கடைசியில் கடிக்கத்தான் செய்தது. அதை மகளிடம் மறைக்காமல் சொன்னாள். மகள் பணம் கொடுக்க முன்வரவில்லை, வேறொன்று கேட்டாள். கிளினிக் முன்மேசையில் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார ஆள் தேவைப்பட்டது.

“வர்றேன். ஆனா சும்மா வர மாட்டேன்” என்றாள் அம்மா. “சம்பளம் என்ன?”

மகள் ஒரு தொகை சொன்னாள்.

“வெளியாளுக்கு இதுதான் கொடுப்பியா?”

“வெளியாளுக்குக் கொஞ்சம் கூடுதல்.”

“அப்ப அதையே கொடு.”

மகள் சிரித்துவிட்டாள். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒரு பூனைக்கும் இரண்டு நாய்க்கும் முன்பாகவே அவள் கிளினிக் வாசலில் நின்றிருந்தாள்.