தொண்ணூற்றொன்றில் முதலாவது வந்தவள்

அந்த விழா நடந்தது தொண்ணூற்றேழிலா, தொண்ணூற்றெட்டிலா என்று கேட்டால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்திருந்தது என்று நினைக்கிறேன். அதுவும் தவறாக இருக்கலாம். தங்கையன் எழுந்து நின்றதை மட்டும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

கேரள எல்லையோரப் பனச்சமூட்டில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்த தங்கையனின் மூத்த மகள் பிரசீதா. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். டாக்டராக வேண்டும் என்றாள். தமிழ்நாட்டுப் பக்கம் சீட் எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தங்கையன் தன் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை வெட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்த அக்காள் கார்டில் சேர்த்தார். அங்கே அது பெரிய காரியமில்லை. அரிசிக்கு ஒரு கார்டு, மண்ணெண்ணெய்க்கு ஒரு கார்டு என்று வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. ஆனால் இருப்பிடச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, படித்ததெல்லாம் கேரளத்தில் என்று அந்தப் பக்கம் கைவிரித்தார்கள். கார்டில் பெயரே இல்லை என்று இந்தப் பக்கம் தள்ளினார்கள். இரண்டு தாலுகா ஆபீஸுக்கும் நடந்து நடந்தே காலம் போயிற்று. பிறகு பிரசீதா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர்ப் பெண்கள் சிலரோடு ரயிலேறி குஜராத்துக்குப் போனாள். வேராவலில் இறால் உரிக்கும் கம்பெனி.

பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு வந்தது. முதலாவது வந்த பிள்ளைகள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. பிரேமகுமாரி டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தங்கையன் வீட்டுக்கு அவர் வந்த அன்று பிரசீதா லீவில் வந்து உள்ளே இருந்தாள்.

“எங்க இருக்கா நம்ம ஃபர்ஸ்ட்டு?”

“குஜராத்தில டீச்சரே. மெடிக்கல் லைனாக்கும்,” என்றார் தங்கையன்.

பிரசீதா வெளியே வந்தாள். விரல் நுனிகள் வெந்தது போல வெளுத்துத் தோலுரிந்திருந்தன.

“எறால் உரிக்கேன் டீச்சரே.”

டீச்சர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “ஏற்றுமதி கம்பெனின்னு போடட்டா மக்கா? கேக்க நல்லாருக்கும்லா.”

“யாருக்கு நல்லாருக்கும்? செய்யுத வேலைய வாசியுங்கோ. இல்லேன்னா எம் பேர விட்டிருங்கோ.”

“எட்டீ, சும்மா இரி. டீச்சர் நல்லதுக்குச் சொல்லுதாவ.”

“நீங்களும் நல்லதுக்குத்தானே கார்ட மாத்துனீங்க அப்பா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மகள் பெயர் அந்த மேடையில் ஒருமுறையாவது ஒலிக்க வேண்டும். தங்கையனுக்கு இருந்தது அந்த ஒரு ஆசை. கூடவே அவள் வேலையையும் சொல்லிவிட்டால் சந்தையில் எப்படித் தலை நிமிர்வது என்ற பயமும் இருந்தது.

விழாவன்று பிரசீதா தங்கை அனகாவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியர் வாசித்துக்கொண்டே போனார். பம்பாய், மஸ்கட், அமெரிக்கா. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

“தொண்ணூற்றொன்று. சிஜு. துபாயில் அக்கவுண்டன்ட்.”

சிஜு அந்த வருடம் இரண்டாவது வந்தவன்.

தங்கையன் எழுந்துவிட்டார். “அது செரியில்ல சாரே. தொண்ணூத்தொண்ணுல எம் மவ பிரசீதாவாக்கும் ஃபர்ஸ்ட்டு.”

“இரியும் ஓய், தர்க்கம் பண்ண இது என்ன மரச்சீனி விலையா?” என்றது ஒரு குரல். பந்தல் சிரித்தது.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. “மக இப்ப என்ன செய்யுதா? சொல்லுங்க, சேத்து வாசிக்கலாம்,” என்று மைக்கிலேயே கேட்டார்.

தங்கையன் வாயைத் திறந்தார். உண்மை வரவில்லை. பொய்யும் வரவில்லை. பிரசீதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் இரைந்துகொண்டிருந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார். அடுத்த வருடத்தை வாசித்தார்கள்.

லீவு தீருமுன்பே பிரசீதா ரயிலேறினாள்.

அதன்பின் அவள் ஊருக்கு வரவில்லை. வேராவலிலேயே ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அனகா பாறசாலையில் துணிக்கடை வேலைக்குப் போனாள். சிஜு வருடத்துக்கு ஒருமுறை துபாயிலிருந்து வந்து போனான். பிரேமகுமாரி டீச்சர் ஓய்வு பெற்று நெய்யாற்றின்கரைக்குக் குடிபோனார். தங்கையன் தொண்ணூற்றொன்பதில் இறந்தார்.