நாளைக்கு எடுத்துவிட வேண்டும்

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சிலருக்குக் கை ராசி, சிலருக்கு வாய் ராசி. உனக்கு ரெண்டும் இல்ல, நாத்தனாரே."

அண்ணி காபிக் கோப்பையை என் கீபோர்டை ஒட்டி வைத்தாள். நான் அதைத் தள்ளி வைத்தேன்.

"ராசியை விடுங்க அண்ணி. மீன்காரரோட ஜாப் பதினோரு நாளா வரிசையில நிக்குது. ஏன்னு பாக்கணும்."

"அவர் மூஞ்சியைப் பாத்து மெஷினே ஓடி ஒளிஞ்சிருக்கும்."

அண்ணன் மனைவியும் நானும் ஒரே ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறோம். அவள் நதி வெள்ளங்களை ஆராய்கிறாள்; மீன்காரர் என்று நாங்கள் அழைப்பவர் ஆற்று மீன்களை. நான் எல்லோருக்கும் பொதுவான கிளஸ்டரைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த அறையில் அடுக்கி வைத்த நாற்பது கணினிகள்தான் கிளஸ்டர். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவை விடாமல் இரையும். கண்ணை மூடிக் கேட்டால், எங்கோ தொலைவில் பல கூரைகளின் மேல் ஒரே நேரத்தில் மழை பெய்வது போலிருக்கும். ஆய்வாளர்கள் தங்கள் வேலையை, அதைத்தான் ஜாப் என்போம், வரிசையில் போடுவார்கள். முறை வந்ததும் கணினிகள் எடுத்துக்கொள்ளும். பெரிய ஜாப்களைத் தாங்கக்கூடியவை நாற்பதில் எட்டுதான். அந்த எட்டுக்குத்தான் அடிதடி.

அண்ணியின் ஜாப் மட்டும் காத்திருந்ததே இல்லை. நான்கு வருடமாகத் தோற்றுத் தோற்று, வழிகாட்டியே கைகழுவிவிட்ட ஆய்வு அவளுடையது. கிளஸ்டர் வந்த இந்த எட்டு மாதத்தில்தான் அது உயிர் பெற்றது. அவளும் நிமிர்ந்து நடந்தாள். மற்றவர்கள் தங்கள் ஜாப்பைப் போடும்போது அவளைக் கூப்பிட்டு என்டரைத் தட்டச் சொல்வார்கள். ஒருவருக்கும் பலித்ததில்லை. "அந்த ராசி அவங்களுக்கு மட்டும்தான் போல" என்பார்கள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்பது ஆளுக்கு ஒரு வரியாக அதில் இருக்கும். எல்லோருக்கும் ஒன்று. அண்ணிக்கு மட்டும் ஆயிரம்.

பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: 'சோதனை. நாளைக்கு எடுத்துவிட வேண்டும்.'

கிளஸ்டர் வந்த முதல் நாள், வரிசை ஒழுங்காக நகர்கிறதா என்று பார்க்க ஒரு அக்கவுண்ட் தேவைப்பட்டது. அண்ணிதான் அருகில் இருந்தாள். அந்த 'நாளை' இத்தனை மாதமாகியும் வரவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஆயிரம்னா?"

"நீங்க வந்தா, முன்னாடி நிக்கிற எல்லாரும் ஒதுங்கி வழி விடணும்னு அர்த்தம்."

"அடேங்கப்பா, ராணி பவனி." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அப்ப என் ராசிங்கிறது நீ அழிக்க மறந்த ஒரு வரி."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"எங்கிட்ட ஏன் கேக்கிற? எனக்கு நல்லதுதானே பண்ணியிருக்க."

ஆயிரத்தை அழித்து ஒன்று என்று போட்டேன். அது இனி வரும் ஜாப்களுக்குத்தான். ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதினோரு நாளுக்கு முன் மீன்காரர் தன் ஜாப்பைக் காலை பத்து மணிக்குப் போட்டிருக்கிறார், அண்ணி மாலை நான்குக்கு. ஐந்து மணிக்குக் காலியான எட்டுக் கணினிகளும் அண்ணிக்குப் போயிருக்கின்றன.

"உங்களுது முடிய இன்னும் ரெண்டு நாள். இப்ப நிறுத்தினா?"

"பாதியில சேமிச்சு வைக்க நான் ஏற்பாடே பண்ணல. எனக்குத்தான் காத்திருக்க வேண்டியதே இல்லையே, எதுக்குன்னு விட்டுட்டேன். மறுபடி முதல்ல இருந்து பதிமூணு நாள். திங்கக்கிழமை ஆய்வைக் குடுக்கலன்னா அடுத்த வருஷம்தான்." கோப்பையின் விளிம்பைத் துடைத்தாள். "அவருக்கு எவ்வளவு ஓடணும்?"

"ஒன்பது நாள். பத்து நாள்ல அவரோட ஒப்பந்தம் முடியுது. அக்கவுண்டை மூடப்போறதும் நான்தான்."

அண்ணி பத்து விரல்களையும் விரித்து, இரண்டை மடக்கினாள். மிச்சம் எட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்துறதுன்னா யார் நிறுத்தணும்?"

"உங்களாலயும் முடியும். என்னாலயும் முடியும்."

கதவை யாரோ தட்டினார்கள். மீன்காரர். ஆற்று மீன்களில் எது எந்தத் தலைமுறையோடு அற்றுப்போகும் என்று கணிப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. எதற்கும் முதலில் மன்னிப்புக் கேட்கும் குரல். திறந்த லேப்டாப்பைத் தட்டு போல ஏந்தியிருந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. புகார் எல்லாம் ஒண்ணும் இல்ல. தூண்டிலைப் போட்டுட்டுக் காத்துக் கிடக்கிறது எனக்குப் பழகினதுதான்." அண்ணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன்."

அண்ணி எழுந்து நின்றாள்.

"நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா நாள் ஓடிட்டே இருக்குதே. பழைய ஜாப்பை எடுத்துட்டுப் புதுசாப் போட்டுப் பாக்கலாம்னு எல்லாம் அடிச்சு வெச்சிருக்கேன். என்டர் ஒண்ணுதான் பாக்கி."

பழையதை எடுத்தால் பதினோரு நாள் காத்திருந்த இடமும் போய்விடும். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். அண்ணிக்கும் அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

அவர் லேப்டாப்பை மேசைமேல் வைத்து, அவள் பக்கம் மெல்லத் திருப்பினார்.

"உங்க கையால ஒரு தடவை தட்டி விடுங்களேன்."